கணக்கு இடிக்கிறதா? கிளவுட் இஆர்பி வைத்திருக்கும் சிங்கப்பூர்க் கடைகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

சிங்கப்பூரில் இஆர்பி என்றதும் பாதிப் பேருக்குச் சாலைக்கு மேல் நிற்கும் கட்டண வளைவுதான் நினைவுக்கு வரும். 1998லிருந்து வண்டிகளிடம் காசு கழித்துவரும் அந்த இஆர்பி வேறு. இது கொள்முதல், கிடங்கு, விற்பனை, சம்பளம், பேரேடு எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் கோத்து வைக்கும் தொழில் மென்பொருள். கிளவுட் வகை என்றால் சர்வர் நம் கடையில் இருக்காது. சந்தா கட்டி, பிரவுசரில் திறந்து வேலை பார்க்கிறோம்.

மளிகைப் பொருள் மொத்த வியாபாரம் ஒன்றில் கணக்குக்கும் கிடங்குக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவன் நான். கடை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம், கிடங்கு காக்கி புக்கிட்டில். "சிஸ்டம் சரியில்லை" என்று என்னிடம் வரும் புகார்களில் முக்கால்வாசிக்கு மென்பொருள் காரணமாக இருந்ததில்லை. எங்கோ ஒரு தேதி, ஓர் அளவு, ஒரு வரிக் குறியீடு பிசகியிருக்கும். எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், கிடங்கு வாசலில் நடந்த தவறு மூன்று வாரம் கழித்து வரிப் படிவத்தில் தலைகாட்டும். தலைகாட்டிய இடத்திலேயே அதைத் தட்டிச் சரிசெய்யப் பார்ப்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் தப்பு.

ஆகவே எதையும் தொடும் முன் ஒன்று. இடிக்கும் தொகைக்குச் சமமாக ஒரு சரிக்கட்டும் ஜர்னல் (பேரேட்டில் நேரடியாகப் போடும் பதிவு) போட்டு மூடிவிடாதீர்கள். பிஓ (கொள்முதல் ஆணை), சரக்கு வரவு, டிஓ (சரக்கு அனுப்பும் சீட்டு), இன்வாய்ஸ், ரசீது என்று தாள்கள் ஒரு சங்கிலியாக இருக்கும். தொகை இடிக்கும் தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போய், எது முதலில் தவறியதோ அதைப் பிடியுங்கள். அதை ரத்துசெய்து திரும்பப் போட்டால் மற்றவை தாமாக நேராகும். ஜர்னலால் மூடினால், பின்னால் யாராவது அந்த முதல் தாளைத் திருத்தும்போது தவறு இரட்டிப்பாகும். எனக்கு அது நடந்திருக்கிறது. இரண்டு வார இறுதிகள் போயின.

"உள்ளேயே போக முடியவில்லை"

ஒருவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று முதலில் கேளுங்கள். எல்லோருக்கும் என்றால் கைப்பேசியின் டேட்டாவில் திறந்து பாருங்கள். அதில் திறந்தால் கோளாறு கடை இணையத்தில். அதிலும் திறக்கவில்லை என்றால் மென்பொருள் நிறுவனத்தின் நிலைப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். நம்மால் ஆவது ஒன்றுமில்லை.

ஒருவருக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புதான். ஊருக்குப் போனவர் சிங்கப்பூர் சிம்மைக் கழற்றியிருப்பார், குறுஞ்செய்தி வந்து சேராது. ஆறு இலக்க எண் காட்டும் செயலி வைத்திருப்பவருக்கு வேறு சிக்கல்: அந்த எண் பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை கைப்பேசிக் கடிகாரத்தை வைத்துத்தான் மாறுகிறது. கடிகாரம் ஒன்றிரண்டு நிமிடம் பிசகினாலும் எண் செல்லாது. தேதியும் நேரமும் தானியங்கியில் இருக்கிறதா என்று பாருங்கள். மறைநிலைச் சாளரத்தில் திறந்தால் வேலை செய்கிறது என்றால் பிரவுசரில் சேர்ந்துள்ள பழைய குக்கீகளை அழித்தால் போதும்.

"சிஸ்டத்தில் இருக்கிறது, அலமாரியில் இல்லை"

இதற்குத்தான் அதிக நேரம் போகும், அதிகக் காசும் போகும். கிடங்கு அண்ணன் எண்ணிவிட்டு வந்து, "தம்பி, நம்ம ஆட்கள் யாரும் எடுக்கலை" என்பார். எடுத்திருக்க மாட்டார்கள். திருட்டைச் சந்தேகிக்கும் முன் அளவை அலகைச் சந்தேகியுங்கள்.

துவரம்பருப்பை மூட்டையாக வாங்குகிறோம், கிலோவாகக் கையிருப்பு வைக்கிறோம், பாக்கெட்டாக விற்கிறோம். ஒரு மூட்டைக்கு எத்தனை கிலோ என்பது பொருள் பதிவில் ஒருமுறை எழுதியதோடு சரி. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சப்ளையர் 50 கிலோ மூட்டையை நிறுத்திவிட்டு 30 கிலோ அனுப்பத் தொடங்கினார் என்று வையுங்கள். 40 மூட்டை இறங்கியது. சரக்கு வரவில் 40 என்று சரியாகத்தான் போட்டார்கள். சிஸ்டமோ 2,000 கிலோ ஏற்றிக்கொண்டது. உண்மையில் வந்தது 1,200. இல்லாத 800 கிலோ திரையில் உட்கார்ந்திருக்கும்.

அளவு மட்டும் கெட்டால் பரவாயில்லை, விலையும் சேர்ந்து கெடும். மூட்டை 60 வெள்ளி என்றால் கிலோ அடக்க விலை 2 வெள்ளி. சிஸ்டம் 60ஐ 50ஆல் வகுத்து 1.20 என்று எழுதும். கிலோ 2.40க்கு விற்றால் கிடைப்பது 40 காசு. திரை காட்டுவது 1.20. மூன்று மடங்கு லாபத்தைப் பார்த்து முதலாளி தள்ளுபடியும் அறிவித்துவிடுவார். கையிருப்பை எண்ணும் ஸ்டாக் டேக் அன்று மொத்தமும் நஷ்டமாக விழும்.

கண்டுபிடிக்கும் வழி இது. குறைவது எத்தனை கிலோ என்று பார்த்து, அதைக் கடைசியாக வந்த மூட்டைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 800ஐ 40ஆல் வகுத்தால் 20. இப்படி முழு எண் விழுந்தால் அலகுதான் பிழை. திருட்டு என்றால் அவ்வளவு அழகாக வகுபடாது. திருத்தும்போது பழைய அலகின் கிலோவை மாற்றாதீர்கள். பல மென்பொருள்கள் அதற்கு இடம் கொடுக்காது. கொடுப்பவற்றில், 50 கிலோவாக நிஜமாக வந்த பழைய வரவுகளும் குழம்பும் அபாயம் இருக்கிறது. 'மூட்டை-30' என்று புது அலகு உருவாக்கி, தவறிய சரக்கு வரவை ரத்துசெய்து, புது அலகில் போடுங்கள்.

அலகு சரியாக இருந்தால் அடுத்து நேரத்தைப் பாருங்கள். லாரி காலை 5 மணிக்கு இறங்குகிறது. அலுவலகப் பிள்ளை 10 மணிக்கு வந்துதான் வரவு போடுகிறார். இடையில் 6 மணிக்கே ஐந்து டிஓ வெளியேறிவிட்டது. சிஸ்டத்தைப் பொறுத்தவரை இல்லாத சரக்கு விற்கப்பட்டது, கையிருப்பு மைனஸ். மைனஸில் விற்கும்போது அடக்க விலையாக எதை வைப்பது என்று அதற்குத் தெரியாது. பழைய விலையையோ சில அமைப்புகளில் பூஜ்ஜியத்தையோ எடுத்துக்கொள்ளும். வரவு விழுந்த பிறகு விலையைத் திரும்பக் கணக்கிடும் வேலை ஒன்று பின்னணியில் ஓட வேண்டும். அது இரவில் ஓடும்படி வைத்திருந்தால் பகலில் பார்க்கும் லாப அறிக்கை கோணலாகத்தான் தெரியும். மைனஸ் கையிருப்பை அடியோடு தடுத்துவிடலாமே என்பீர்கள். தடுத்தோம். தீபாவளிக்கு முந்தைய வாரம் லாரி வாசலில் நிற்க, சிஸ்டம் டிஓ அச்சடிக்க மறுத்தது. அப்புறம் கிடங்கு வாசலிலேயே கைப்பேசியில் ஸ்கேன் செய்து வரவு போடப் பழக்கினோம். அதோடு இந்தப் புகார் முக்கால்வாசி நின்றது.

மூன்றாவது, கிடங்கிலிருந்து கடைக்கு அனுப்பிய சரக்கு. அனுப்பியதைப் பதிவுசெய்வார்கள், வந்து சேர்ந்ததைக் கடையில் ஒப்புக்கொள்ள மறந்துவிடுவார்கள். அது 'வழியில்' என்ற கற்பனை இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும். காக்கி புக்கிட்டிலிருந்து தேக்காவுக்கு ஒரு பெட்டி நெய் நான்கு மாதம் பயணம் செய்ததாக எங்களிடம் ஒரு பதிவு உண்டு.

இதற்கு நேர் எதிரான புகாரும் வரும்: 50 பெட்டி இருக்கிறது, விற்க விடமாட்டேன் என்கிறது. கையிருப்பு வேறு, விற்கக் கிடைப்பது வேறு. எப்போதோ ரத்தான, ஆனால் மூடப்படாத பழைய ஆர்டர்கள் சரக்கைப் பிடித்து வைத்திருக்கும். ஒதுக்கீட்டுப் பட்டியலைத் திறந்து பழையதையெல்லாம் மூடுங்கள்.

"எக்செல் ஏற்றினேன், பொருள்கள் இரட்டிப்பாகிவிட்டன"

பட்டைக் குறி 13 இலக்கம். சிங்கப்பூர்ப் பதிவு 888 என்று தொடங்கும், இந்தியப் பதிவு 890, மலேசியாவுடையது 955. எக்செல் இதை எண் என்று நினைத்துச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் பூஜ்ஜியமாகிவிடும். 00457 போன்ற பொருள் எண்களில் முன்னால் உள்ள பூஜ்ஜியம் உதிர்ந்து 457 ஆகும். சிஸ்டம் 457ஐப் பார்த்ததில்லை, புதுப் பொருள் என்று சேர்த்துக்கொள்ளும். கோப்பைத் திறக்கும் முன்பே அந்த நிரல்களை எழுத்து வகையாக அமையுங்கள்.

தேதி நிரலையும் பாருங்கள். நவம்பர் 3 என்று நீங்கள் எழுதிய 03/11, அமெரிக்க அமைப்பு கொண்ட கணினியில் மார்ச் 11 ஆகும். 13ஆம் தேதி முதல் பிழை என்று கத்தும். 12 வரை சத்தமில்லாமல் தவறாக ஏறும். சத்தமில்லாததுதான் ஆபத்து.

"1ஆம் தேதி விற்பனை போன மாதத்தில் விழுகிறது"

இது கிளவுடுக்கே உரிய நோய். பல கிளவுட் மென்பொருள்கள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கின்றன. சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னால். நவம்பர் 1 அதிகாலை 3:40க்கு அடித்த டிஓ, பொது நேரத்தில் அக்டோபர் 31 இரவு 7:40. காலை 9 மணிக்குக் கடை திறப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. நம்மைப்போல் விடியுமுன் காய்கறி, மளிகை இறக்குபவர்களுக்கு ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் வலிக்கும்.

சோதிப்பது எளிது. முந்தைய நாளில் விழுந்த பதிவுகளின் நேரத்தைப் பாருங்கள். எல்லாம் காலை 8 மணிக்கு முன்னால் என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். அப்புறம் நேர மண்டலம் எங்கெங்கே அமைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஓரிடத்தில் இருக்காது. நிறுவன அமைப்பில் ஒன்று, ஒவ்வொரு பயனர் கணக்கிலும் ஒன்று, தரவை வெளியே இழுக்கும் அறிக்கைக் கருவியில் இன்னொன்று. முதல் இரண்டும் சிங்கப்பூராக இருந்து மூன்றாவது பொது நேரத்தில் இருப்பதுதான் வழக்கமான கதை. அதனால்தான் திரையில் ஒரு தொகையும் முதலாளிக்கு மின்னஞ்சலில் போகும் அறிக்கையில் வேறு தொகையும் வருகின்றன. இருவரும் அவரவர் காகிதத்தை நீட்டிச் சண்டை போடுகிறார்கள்.

சென்னையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவரை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அவருடைய பயனர் கணக்கு இந்திய நேரத்தில் இருந்தால், இங்கே நள்ளிரவு 12க்கும் 2:30க்கும் இடையில் அவர் போடும் பதிவு முந்தைய நாளாக நிற்கும். மாதக் கடைசியில் இரவு கண்விழித்து வேலை செய்கிறவர்களுக்கே இது நடக்கும் என்பது கொடுமை.

"ஜிஎஸ்டி படிவம் பேரேட்டோடு ஒத்துப்போகவில்லை"

எஃப்5 படிவத்தில் முதலில் ஒரு கண்ணோட்டம். பெட்டி 1இல் உள்ள 9% விற்பனையை 0.09ஆல் பெருக்குங்கள். பெட்டி 6இல் உள்ள வரிக்குப் பக்கத்தில் வர வேண்டும். சில காசு வித்தியாசம் என்றால் முழுமையாக்கல். 1.05 வெள்ளிப் பொருள் மூன்றுக்கு ஒவ்வொன்றாகக் கணக்கிட்டால் 9 காசு வீதம் 27 காசு, மொத்தம் 3.15க்குக் கணக்கிட்டால் 28 காசு. எந்த முறை என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பணப்பதிவேடு ஒரு முறையிலும் இஆர்பி இன்னொரு முறையிலும் கணக்கிட்டால் தினமும் சில காசு இடிக்கும், தினமும் யாராவது தேடுவார்கள்.

வித்தியாசம் பெரிதென்றால் வரிக் குறியீட்டுக்குப் போங்கள். 2023 ஜனவரி 1 அன்று 7இலிருந்து 8, 2024 ஜனவரி 1 அன்று 8இலிருந்து 9 என்று விகிதம் இருமுறை ஏறியது. அந்தக் காலத்தில் சிலர் புதுக் குறியீடு உருவாக்காமல் பழைய குறியீட்டின் விகிதத்தையே மாற்றினார்கள். விளைவு, 8 சதவீதத்தில் விற்ற பழைய இன்வாய்ஸுக்கு இன்று கிரெடிட் நோட் (தொகையைத் திரும்பக் கழிக்கும் சீட்டு) போட்டால் 9 சதவீதத்தில் கழிகிறது. மூல இன்வாய்ஸின் விகிதத்தில்தான் கிரெடிட் நோட் போக வேண்டும். பழைய விகிதங்களைத் தனிக் குறியீடுகளாக மீட்டு வையுங்கள்.

வாங்கும் பக்கத்தில் வேறு மூன்று இடம். ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்யாத சின்ன சப்ளையரின் பில்லில் வரியே இருக்காது, பழக்கதோஷத்தில் நம் ஆள் 9% குறியீடு போட்டிருப்பார். அடுத்தது, முதலாளியின் கார் பெட்ரோல். கம்பெனிப் பெயரில் இருந்தாலும் பயணிகள் காரின் செலவுக்கு வரி திரும்பக் கேட்க முடியாது. சரக்கு வேனுக்குக் கேட்கலாம். எரிபொருள் என்ற ஒரே கணக்கில் இரண்டையும் போட்டு ஒரே குறியீடு வைத்திருந்தால் அங்கே பிரியுங்கள்.

மூன்றாவதுதான் நம் மாதிரி இறக்குமதி ஆட்களுக்குப் பெரிய தொகை. மலேசியாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வரும் பில்லில் நம் ஜிஎஸ்டி இருக்காது. சரக்கு இங்கே நுழையும்போது சுங்க பெர்மிட்டில் அந்த வரி கட்டப்படுகிறது. அதைப் பெரும்பாலும் சரக்கு முகவர் கட்டிவிட்டு நம்மிடம் வசூலிப்பார். அவர் பில்லில் இறக்குமதி ஜிஎஸ்டி 900, கையாளும் கட்டணம் 100, அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 9, மொத்தம் 1,009 என்று இருக்கும். இதை ஒரே பதிவாக, '9% உட்பட' என்று அடித்தால் சிஸ்டம் 83.31ஐ வரியாக எடுக்கும். நியாயமாகக் கேட்க வேண்டியது 909. ஒரு பில்லில் 825 வெள்ளிக்கு மேல் விட்டுவிட்டோம். மாதம் மூன்று கன்டெய்னர் இறக்குகிறவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். இறக்குமதி ஜிஎஸ்டியை 'வரி மட்டும்' என்ற தனிக் குறியீட்டில் போட்டு, பெர்மிட்டை அதோடு இணைத்து வையுங்கள். பெர்மிட்டில் இறக்குமதியாளராக உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும்.

படிவம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் திருத்தத்துக்கு எஃப்7 இருக்கிறது. தாமாக முன்வந்து சொல்வது எப்போதும் நல்லது. வருவாய் ஆணையம் கேட்கும் வரை காத்திருப்பது வீண் தலைவலி.

"இன்வாய்ஸ்நவ்வில் அனுப்பினேன், கிடைக்கவில்லை என்கிறார்கள்"

பிடிஎஃப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு மின்னிலக்க இன்வாய்ஸ் அனுப்பியதாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்வாய்ஸ்நவ் என்பது பெப்பால் என்ற அனைத்துலகத் தரத்தில் 2019இல் இங்கே தொடங்கிய கட்டமைப்பு. அதில் போவது படமல்ல, இரண்டு மென்பொருள்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் தரவு. ஜிஎஸ்டிக்குத் தாமாக முன்வந்து புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு இதன் வழியே இன்வாய்ஸ் தரவை வருவாய் ஆணையத்துக்கு அனுப்புவது படிப்படியாகக் கட்டாயமாகிறது. புதிதாகத் தொடங்கிய நிறுவனங்களுக்கு 2025 நவம்பர் 1, அப்படிப் பதிவு செய்யும் மற்றவர்களுக்கு 2026 ஏப்ரல் 1.

கிடைக்கவில்லை என்றால் முதலில் 'அனுப்பப்பட்டது' என்றிருக்கிறதா, 'சேர்ந்தது' என்றிருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது நம் மென்பொருளை விட்டு வெளியேறியது என்பதை மட்டும் சொல்லும். அடுத்து வாங்குபவரின் முகவரி. சிங்கப்பூரில் அது 0195 என்ற எண்ணில் தொடங்கி, நிறுவனப் பதிவு எண்ணான யூஇஎன்னோடு முடியும். கடை கைமாறி, பழைய தனியுரிமை வணிகம் பிரைவேட் லிமிடெட் ஆகியிருந்தால் யூஇஎன் மாறியிருக்கும். நம் வாடிக்கையாளர் பதிவில் பழையதே நிற்கும். பெப்பால் முகவரிப் பட்டியலில் அவர்களின் பெயரைத் தேடி ஒப்பிடுங்கள். அங்கே இல்லவே இல்லை என்றால் அவர்கள் இன்னும் சேரவில்லை, நீங்கள் என்ன அனுப்பினாலும் போகாது.

"வங்கியோடு இடிக்கிறது"

பெரும்பாலும் மூன்று காரணங்கள், மூன்றுமே சின்னவை. நெட்ஸ் அட்டை விற்பனையில் கட்டணம் கழித்து மிச்சம்தான் வருகிறது, நாமோ முழுத் தொகையைத் தேடுகிறோம். ஜைரோ என்ற வங்கிப் பரிமாற்றத்தில் பத்து சப்ளையருக்குக் கொடுத்தது வங்கியில் ஒரே தொகையாக நிற்கும், பேரேட்டில் பத்தாக இருக்கும். வங்கி இணைப்பு அறுந்து மீண்டும் இணைத்தபோது ஒரு வாரப் பதிவுகள் இரண்டாம் முறை இறங்கியிருக்கும். கடைசியைக் கண்டுபிடிக்க தேதி, தொகை இரண்டையும் வைத்து வரிசைப்படுத்துங்கள். இரட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

"சிபிஎஃப் தொகை ஒரு வெள்ளி வித்தியாசப்படுகிறது"

ஒரு வெள்ளிக்குள் என்றால் முழுமையாக்கும் விதி. சிபிஎஃப் என்ற மத்திய சேம நிதிக்கான மொத்தச் சந்தாவை அருகிலுள்ள முழு வெள்ளிக்கு மாற்ற வேண்டும், 50 காசும் அதற்கு மேலும் ஒரு வெள்ளி. ஊழியர் பங்கில் காசை உதிர்த்துவிட வேண்டும். மிச்சம்தான் முதலாளி பங்கு. 55 வயதுக்கு உட்பட்டவர் 2,345 வெள்ளி வாங்குகிறார் என்றால் மொத்தம் 37% 867.65, அது 868. ஊழியர் பங்கு 20% 469. முதலாளி பங்கு 399. மென்பொருள் முதலாளி பங்கைத் தனியாக 17% என்று பெருக்கினால் 398.65 வரும். வெளிநாட்டில் எழுதிய சம்பளப் பகுதியை இங்கே பொருத்தியவர்கள் இந்த வரிசையைத் தவறவிடுவதுண்டு.

பெரிய தொகை என்றால் சம்பள உச்சவரம்பு. அது 2023 செப்டம்பரில் 6,300, 2024 ஜனவரியில் 6,800, 2025இல் 7,400, 2026 ஜனவரியில் 8,000 என்று ஏறியது. 8,500 வாங்குபவருக்கு மொத்தச் சந்தா இப்போது 2,960. உங்கள் திரை 2,738 காட்டினால் அது இன்னும் 2025இல் இருக்கிறது. அடுத்துப் பிறந்தநாள்: 55ஐத் தாண்டியவருக்கு, பிறந்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் விகிதம் மாறும். பிறந்த தேதி தெரியாமல் யாரோ ஜனவரி 1 என்று நிரப்பிவைத்திருந்தால் மாற வேண்டிய நேரத்தில் மாறாது.

சிண்டா (இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) கழிவு விழவில்லை என்றால் இனம் என்ற நிரல் காலியாக இருக்கும். சம்பளம் 4,500ஐத் தாண்டியதும் கழிவு 7இலிருந்து 9 வெள்ளியாவதைப் பார்த்துப் பிழை என்று ஓடி வருவார்கள். அது சரிதான். எல்லாவற்றையும் அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் முடித்தாக வேண்டும், அதனால் 12ஆம் தேதி ஆராய்ச்சி தொடங்காதீர்கள்.

"நேற்று வரை ஓடியது"

கிளவுடில் மேம்படுத்தலை நாம் செய்வதில்லை, அது நம்மீது வந்து விழுகிறது. நெட்சூட் என்ற இஆர்பிக்கு ஆண்டுக்கு இரண்டு பெரிய வெளியீடு. மைக்ரோசாஃப்ட்டின் பிஸினஸ் சென்ட்ரலுக்கு ஏப்ரலிலும் அக்டோபரிலும். அக்டோபர் என்றால் நமக்குத் தீபாவளிக் கொள்முதல் உச்சத்தில் இருக்கும். மேம்படுத்தும் நாளைக் குறிப்பிட்ட கால எல்லைக்குள் தள்ளிவைக்க வழி இருந்தால் தள்ளுங்கள்.

உடைவது பெரும்பாலும் மென்பொருளின் சொந்தப் பகுதி இல்லை. நாம் காசு கொடுத்து எழுதிவாங்கிய அச்சுப் படிவம், தமிழில் பொருள் பெயர் வரும் லேபிள், இணையக் கடையோடு உள்ள இணைப்பு, இவைதான். சோதனைச் சூழல் இருந்தால் புது வெளியீடு அங்கே முன்கூட்டியே கிடைக்கும். ஒரு பிஓவில் தொடங்கி ரசீது வரை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், அரை மணி நேரம்தான்.

மேம்படுத்தல் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் இணையக் கடை ஆர்டர்கள் வருவது நின்றுவிட்டது என்றால் இணைப்புச் சாவி காலாவதியாகியிருக்கும். பெரும்பாலும் அதை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், அவர் கணக்கை மூடியதும் சாவியும் செத்திருக்கும். இணைப்புகளுக்கு ஆள் பெயரில் இல்லாத தனிப் பயனர் கணக்கு வையுங்கள். வராமல் நின்ற ஆர்டர்கள் வரிசையில் காத்திருக்கும், திறந்ததும் மொத்தமாக இறங்கும். அவசரத்தில் யாராவது கையால் அடித்திருந்தால் இரட்டை ஆர்டர். திறக்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உதவி மையத்துக்கு எழுதும்போது

"வேலை செய்யவில்லை, அவசரம்" என்று எழுதினால் மூன்று நாள் கேள்வி பதிலிலேயே போகும். ஒரு ஆவண எண், யார் கணக்கில் நடந்தது, என்ன வர வேண்டும், என்ன வந்தது, வேறொருவர் கணக்கில் நடக்கிறதா, இவை போதும். நேரத்தைச் சிங்கப்பூர் நேரம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அவர்கள் பதிவேடு பொது நேரத்தில் இருக்கும், எட்டு மணி நேரம் தள்ளித் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்பார்கள்.

சம்பளத் திரையைப் படமெடுத்து அனுப்பினால் அடையாள எண்ணையும் சம்பளத்தையும் முதலில் கறுப்படித்துவிடுங்கள். எங்கள் கணக்குப் பிரிவு அக்கா ஒருமுறை மொத்த ஊழியர் பட்டியலையும் இணைத்துவிட்டு, அனுப்பு பொத்தானில் விரலை வைத்தபடி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதை அனுப்பலாமா?" அவர் கேட்டதால் தப்பித்தோம்.